அண்ணி தள்ளிய போர்டு

1984 ஆகஸ்ட் 7, செவ்வாய், காலை 7.10, தூறல். பாகூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ரேடியோ கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள்: ரேடியோ போர்டில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் ஒருத்தி, அதைச் சோதித்துப் பார்க்கும் அவள் அண்ணி.

"ஈயம் நிறைய வெச்சேன்னு என் போர்டை ரிஜெக்ட் பண்றியே அண்ணி! இன்னிக்கும் தள்ளினா வேலையே போயிடும்."

"படையல் மாதிரி குமிச்சு வெச்சா, உள்ள கம்பி ஒட்டிச்சா இல்லியான்னு எப்படிடி பாக்கறது? ஈயம் கம்பியச் சுத்தி சரிவா ஏறணும். கம்பி உருவம் தெரியணும்."

"நேத்து கடைசி போர்டுல அப்படித்தானே வெச்சேன்?"

"அத பாஸ் பண்ணிட்டேன். உன்ன வேலைல வெச்சுக்கறேன்னு சூப்பர்வைசரும் சொல்லிட்டாரு."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"வூட்ல மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு பேசாம இருந்தியே, யார்கிட்ட சொல்றது?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததில் அரியாங்குப்பத்தில் இறங்க மறந்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி வர முப்பது பைசா ஆயிற்று.