கண்ணாடி மாட்ட ஒரு காது

— கண்ணைத் திறடி.

— மாட்டேன் அண்ணி. நீங்க முதல்ல அச்சைத் திறங்க.

— உனக்கா ஊசி போடப் போறேன்? காது வளக்கிற லேப்ல உக்காந்துக்கிட்டு கண்ணை இறுக்க மூடிக்கிறா பாரு! எட்டு வாரம் காத்திருந்துட்டு...

— எட்டு வாரம் மூணு நாள்.

— எண்ணிக்கிட்டே இருந்தியா?

— அண்ணி... நாளைக்குத் திறப்போமா?

— நாளைக்கா? வெளிய பெஞ்சுல யாரு உக்காந்திருக்கான்னு தெரியுமில்ல?

— தெரியும். குட்டி.

— ஏழு மணிக்கே வந்துட்டாளாம். மூக்குக்கண்ணாடிய ஒரு பக்கம் காதுல மாட்டி, காது இல்லாத பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கா. இன்னிக்குப் பூப்போட்ட பிளாஸ்திரி!

— ஐயோ, அதைச் சொல்லாதீங்க...

— "கேக்கறதுக்கு ஒரு காது போதும் ஆன்ட்டி, கண்ணாடி மாட்டத்தான் ரெண்டு வேணும்"னு என்கிட்டயே வக்கீல் மாதிரி பேசுறா. ஒன்பது வயசு!

— அடுத்த வாரம் ஆபரேஷன் நிச்சயமா அண்ணி?

— டாக்டர் நாள் குறிச்சாச்சு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிக்கணும். நீ ஏன் இப்படி வேர்த்து ஊத்துற? ஏசி ஓடுதுல்ல?

— ஓடுது, ஓடுது... நீங்க வேலையப் பாருங்க.

— சரி. திருகாணி ஒண்ணு... ரெண்டு... மேல்மூடி வந்துடுச்சு. அடியே...

— என்ன? தொங்குதா? முதல் காது மாதிரியா?

— முதல் காதைப் பத்தி இப்ப எதுக்கு?

— எதுக்கா? தூக்கினதும் நனைஞ்ச காகிதமாட்டம் தொங்கிச்சே! அச்சை மெல்லிசாப் பண்ணிக் கெடுத்துட்டேனேன்னு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கல.

— ...சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு.

— இதை மடக்கிப் பாருங்க அண்ணி. மெதுவா.

— மடக்கறேன்... பாதிக்கு வந்துடுச்சு... விடறேன்.

— ம்?

— டிங்!

— டிங்கா?

— துள்ளி நிமிந்துடுச்சுடி! ஜெல்லுக்குள்ள குருத்தெலும்பு நல்லா ஊறிப் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை... டிங்! நிஜக் காது தோத்துச்சு போ! அடியே, எந்திரி, ஒரு ஆட்டம் போடுவோம்!

— ஹூம்... ஹூம்...

— என்னடி இது? அழறியா? கண்ணை மூடிக்கிட்டே அழுவாங்களா யாராவது?

— அண்ணி... அது தப்பான காது.

— என்னது?

— குட்டிக்கு வலது காது இருக்கு, இடதுதான் இல்ல. இருக்கிறதைப் படம் பிடிச்சு, அதைக் கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிப் போட்டாத்தான் இடது காது வரும். நான் திருப்பல. அச்சு முழுக்க இன்னொரு வலது காது!

— ஓஹோ.

— ஓஹோவா? போன வியாழக்கிழமை குட்டி பக்கத்துல உக்காந்து, கண்ணாடியப் பாத்துத் தன் மூஞ்சியப் படம் வரைஞ்சாளே, அப்பதான் உறைச்சுது. அதுலேர்ந்து தூக்கமில்ல. மறுபடியும் அவகிட்டேர்ந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கணும், செல் வளக்கணும், ஜெல்லுல கலக்கணும்... அந்தப் புள்ள மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— அழுது முடிச்சாச்சா? கண்ணைத் திற. இன்குபேட்டர் மேல அவ போட்டோ ஒட்டியிருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல இதைப் பிடிச்சிருக்கேன். பாரு.

— மாட்டேன்.

— பாருன்னா பாரு!

— ...அண்ணி.

— ம்.

— அண்ணி, இது... இது இடதுதானே! எப்படி?

— நீ பல்வலின்னு லீவு போட்டியே, அன்னிக்கு உன் மெஷின்ல நானே திருப்பிப் போட்டுப் புது அச்சு எடுத்தேன். ஜெல்லை ஊத்தறதுக்கு முந்தின நாள்தான் உன் தப்பு கண்ணுல பட்டுச்சு.

— தெரிஞ்சுக்கிட்டே எட்டு வாரமா வாயத் திறக்கலையா? நீங்களா? நான் பாலைப் பொங்க விட்டதையே அண்ணன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்ன ஆளாச்சே!

— சொல்லத்தான் நினைச்சேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

— வந்து? முழுங்கிட்டீங்களா? ஏன் அண்ணி, என்மேல அவ்வளவு பாசமா?

— பாசமும்தான்... ஆனா உன் தப்பைச் சொன்னா, என்னோடதும் சேந்து வெளிய வந்துடுமேன்னு...

— உங்களோடதா? என்ன அது?

— அந்த முதல் காது... உன் அச்சு நல்லாத்தான்டி இருந்துச்சு. ரெண்டு குப்பி செல் கலக்கணும், நான் ஒண்ணைத்தான் கலந்தேன், இன்னொண்ணு மேசையிலயே இருந்துச்சு. நீ சாப்பிடாம கிடந்தப்பவும் சொல்ல வாய் வரல... திட்டறதை எல்லாம் சாயங்காலம் வீட்டுல வெச்சுக்கோ, உங்கண்ணனையும் கூட்டு சேத்துக்கோ. இப்ப போய்க் கதவைத் திற, பூப்போட்ட பிளாஸ்திரி காத்துக்கிட்டிருக்கு.