தாழாத கார்

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி, மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நான் உட்கார்ந்ததும் சீட் என் பக்கம் அமுங்கியது. அதைப் பார்த்தோ என்னவோ, பக்கத்திலிருந்த இளைஞர் ஜன்னலோரம் இருந்த தன் மாமாவிடம் சொன்னார்:

“கார் பின்னாடி தாழணும் மாமா. அதுக்குத்தான் கழட்டினேன்.”

“எதை மாப்ள?”

“அண்ணனும் நானும் சேந்து வச்சிருக்க அந்தப் பழைய கார்ல எவ்ளோ பாரம் ஏத்துனாலும் பின்பக்கத்தைத் தானா தூக்கிச் சமமா நிறுத்துற செட்டு இருந்துச்சுல்ல, அதை. இன்னும் பங்கு பிரிக்காத எங்க காட்டு வெங்காயத்தை அண்ணன் தெரியாம டிக்கியில ஏத்திட்டுப் போனா எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதான் சாதா ஸ்பிரிங் போட்டேன்.”

“தாழ்ந்துச்சா?”

“ஒரு நாளும் தாழல.”

“அப்ப உங்கண்ணன் எடுக்கவே இல்ல.”

“இல்ல. மெக்கானிக்கிட்ட காரணத்தைச் சொல்லித் தொலைச்சேன். அவன் அண்ணங்கிட்டயே சொல்லிட்டான். சாவிய என் வாசல்ல வீசிட்டுப் போனவருதான், இன்னும் பேசல.”

“கார் உங்கிட்டதான இருக்கு? ஏன் பஸ்ல வர்ற?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதுல ஏறுறது மாமா?”

நான் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றேன். சீட் தானாகச் சமமானது.