மேல் லயத்துக் காய்ச்சல்

— அந்த ஊசிய மொதல்ல பைக்குள்ள வையுங்கம்மா. பெறகு பேசலாம்.

— வச்சுட்டேன், சாந்தம்மா. என்னை ஞாபகம் இருக்கோல்லியோ? தர்மாம்பாள். போன மழைக்கு வந்து...

— மறக்குமா? எம்மவன் சுருளிவேல் கையில குத்தி ரத்தம் எடுத்தீகளே. டாக்டரம்மா வந்துட்டாக, புள்ள பொழைச்சுக்கிடுவான்னு லயத்துல வீடு வீடாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

— நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனே... வைரஸ் ஆராய்ச்சி. கிருமியைப் பத்திப் படிக்கறது.

— சொன்னீக. எனக்குத்தான் காதுல ஏறல. அந்த வாரமே கொண்டுபோய்ப் பொதைச்சோம்.

— கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்ப...

— விடுங்க. அவன் ரத்தம் என்னாச்சு?

— அதுலேர்ந்து கிருமியைப் பிரிச்சு எடுத்தோம். மூளைக்காய்ச்சல் கிருமி. லேபில கண்ணாடிக் குப்பியில வளத்துண்டிருக்கோம்.

— வளக்கிறீகளா?

— ஆராயணும்னா வேணுமே. ஐஸ்ல வச்சா வருஷக்கணக்கா உயிரோட இருக்கும்.

— எம்மவன் இல்ல. அது இருக்கு.

— சாந்தம்மா...

— பேரு கீரு வச்சிருக்கீகளா அதுக்கு?

— ...உங்க எஸ்டேட் பேரு.

— நல்லாருக்கு. சரி, இப்ப என்னத்துக்கு வந்தீக?

— உங்க சின்னவ பேச்சிக்காக. அண்ணன் பக்கத்துலயே படுத்துண்டா, ஒரே தட்டுல சாப்பிட்டா. அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. ஏன்னு தெரியணும்.

— ரத்தத்தைப் பாத்தா தெரிஞ்சிருமாக்கும்?

— தெரியலாம். ஒடம்புல கோடிக்கணக்கா செல் இருக்கு, பொடிப்பொடி அறை மாதிரி. கிருமி ஒண்ணுக்குள்ள நுழைஞ்சா, அந்த செல் சாகறதுக்கு முன்னாடி பக்கத்து செல்லுக்கு ஒரு சேதி அனுப்பறது. உஷாரா இருன்னு. பேச்சி ஒடம்புல அந்தச் சேதி ரொம்ப சீக்கிரம் போயிருக்கணும். அது மட்டும் நிஜமானா...

— எங்க லயத்துல யாரும் யாருக்கும் சேதி சொல்லலியே. சாதாக் காச்சல்னு வெள்ளை மாத்திரை குடுத்தாக. சுருளிவேலுக்குப் பெறகு கீழ் வரிசையில ரெண்டு புள்ளைக போச்சு. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

— ...முதல்லயே சந்தேகம் இருந்தது. மேனேஜர்கிட்ட சொன்னேன்.

— எங்ககிட்ட?

— வெளியில சொன்னா லயமே காலியாயிடும், பறிக்க ஆளில்லாம தேயிலைக் கொழுந்து முத்திப்போயிடும்னார். எமர்ஜென்சி நேரம், வதந்தி பரப்பினேன்னு போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்னார். ஆராய்ச்சியும் நின்னுடுமேன்னு...

— குத்துறதுக்கு அனுமதி உண்டு. வாயத் தெறக்க மட்டும் இல்லையாக்கும்.

— சொல்லியிருந்தா மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும், சாந்தம்மா?

— புள்ளைகள ஊருக்கு அனுப்பியிருப்பேன்ல? போடியில என் தங்கச்சி இருக்கா. பஸ்ஸேத்தி விட்டிருந்தா...

— பேச்சி எங்கே?

— போடியிலதான். தங்கச்சி வீட்டுல. ஏம்மா, ஒருக்கா தப்பிச்ச புள்ளைக்குப் பெறகு வராதுல்ல?

— வராதுன்னுதான் நினைக்கறேன்.

— நெனைக்கிறீகளா, தெரியுமா?

— ...தெரியாது.

— வந்தா? இந்த ஒரு வருசத்துல மருந்து கண்டுபிடிச்சிருப்பீகள்ல?

— இல்லை. அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்.

— ஜீப்புல, பையில... எதுவுமே இல்லையா? தொரைமார் புள்ளைகளுக்குன்னு எடுத்து வச்சிருக்கிறது?

— சத்தியமா இல்லை. யாருக்குமே இல்லை. ஏன் இப்படிக் கேக்கறேள்? போடிதானே, நான் ஜீப்லயே போய்ப் பாத்துக்கறேன். தங்கச்சி பேரைச் சொல்லுங்கோ.

— போடிக்கெல்லாம் போகவேண்டாம்மா. உள்ளதான் கெடக்கா. காலையிலருந்து ஒடம்பு கொதிக்குது, அண்ணனுக்கு வந்த அதே மாதிரி. மொதல்லயே சொன்னா மருந்த மறைச்சுட்டு ரத்தத்த எடுத்துட்டுப் போயிருவீகளோன்னு பயந்துக்கிட்டு, இவ்வளவு நேரமும் உங்க வாயப் பாத்துக்கிட்டு நின்னேன்...