நசுங்காத எலுமிச்சம்பழம்

— பஞ்சாயத்து பண்ண வந்தேன்னு நெனச்சுக்காதீங்க சார். வண்டியைப் பார்க்க வந்திருக்கேன். ஷெட்டைத் தொறங்க.

— பார்த்து என்ன ஆகப்போவுது பிரவீனா? ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னு கத்துது. எல்லாம் உன் தம்பி ஜோசுவா பண்ணின வேலை. நெசமா சொல்றேன், அவனை வச்சது கடை வேன் ஓட்ட. என் காரைத் தொடச் சொன்னது யாரு?

— தொட்டான்னு யாரு பார்த்தாங்க?

— பார்க்கணுமா? கிலோமீட்டர் ஏறியிருந்துது. சீட்டு முன்னால நகர்ந்து, உக்காந்தா என் முட்டி ஸ்டீரிங்ல இடிச்சுது. நீயா எடுத்தேன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கினு நின்னான். இல்லைன்னு ஒரு வார்த்தை வரல. அதான் வேலையை விட்டு அனுப்பிட்டேன்.

— அனுப்புனது மட்டுமா. பட்டு எடுக்க வந்த கும்பல் எதிர்ல திருட்டுப்பயன்னு சொன்னீங்க. இப்ப தென்னேரியிலர்ந்து வாலாஜாபாத் வரைக்கும் எவனும் அவன் கையில சாவி குடுக்கறதில்ல. வூட்லயும் பேச மாட்டேங்கறான். நான் கேட்டா எழுந்து ஏரிக்கரைக்குப் போயிடறான்.

— தப்பு பண்ணவன் அப்படித்தாம்மா இருப்பான்.

— சரி, ஒண்ணு பேசிக்கலாம். அவன் கெடுத்திருந்தா கியர் பாக்ஸை நானே இறக்கி என் செலவுல சரி பண்ணித் தரேன். அவன் கெடுக்கலன்னா நீங்க தென்னேரிக்கு வரணும். எங்க தெருவுல, எல்லார் எதிர்லயும், அவன்கிட்ட சொல்லணும்.

— உங்க தெருவுக்கா?

— காலனித் தெருவுக்குத்தான் சார். கார் போற அளவுக்கு ரோடு இருக்குது, பயப்படாதீங்க.

— உங்கப்பன் டேனியல் ஒரு நாளும் என் எதிர்ல இப்படிப் பேசுனதில்ல.

— அவருக்கு நீங்க மொதலாளி. எனக்கு கஸ்டமர். கஸ்டமர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னுதான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சொந்தமா ஷெட் வச்சிருக்கேன்.

— வாய், வாய். இந்தா சாவி. கீறல் விழாம பார்த்துக்க. இந்த மாதிரி ரெண்டு சீட்டு வண்டி இந்த ஜில்லாவுலயே வேற இல்ல. கேட்டுக்க, வள்ளியைக் கட்டிக்கினு பிள்ளையார்பாளையத்துக்கு இதுலதான் கூட்டியாந்தேன். கூரையை மடிச்சு விட்டு. தெருவே தறியை விட்டு எழுந்து வந்து பார்த்துது.

— நல்லாத்தான் வச்சிருக்கீங்க. நான் உக்காரணும்.

— இரு, சீட்டுல ஒரு துணி விரிச்சுடறேன்.

— கிரீஸுக்கா சார், இல்ல வேற எதுக்காச்சுமா?

— கிரீஸுக்குத்தாம்மா.

— நேத்து தோய்ச்ச சுடிதார் இது. கிரீஸ் இல்ல.

— சரி, துணி வேணாம். உக்காரு.

— மொதல்ல ஒண்ணு கேக்கறேன். ஜோசுவா உங்களைவிட ஒரு சாண் ஒசரம். நீங்களே சீட்டைப் பின்னால தள்ளித்தான் உக்கார்றீங்க. அவன் எதுக்கு முன்னால இழுக்கறான்?

— அது எனக்கெப்படித் தெரியும்? என்னைக் குழப்பறதுக்கா இருக்கும்.

— க்ளட்ச் பெடல் ரப்பர்ல மஞ்சக் கறை இருக்குதே?

— ஆயுத பூசைக்குப் பூசியிருப்பாங்க.

— அது முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு. இது புதுசா இருக்குது. சரி, வுடுங்க. இன்ஜின் ஆஃப்ல இருக்குது, நான் ஒவ்வொரு கியரா போடறேன். சத்தம் கேக்குதா?

— இல்ல. வெண்ணெய் மாதிரி விழுது.

— அப்ப லீவர்லயும் ராடுலயும் கோளாறு இல்ல. இப்ப ஸ்டார்ட் பண்ணி, க்ளட்சை மிதிச்சு ரிவர்ஸ் போடறேன். இந்த வண்டியில ரிவர்ஸ்தான் சோதனை. க்ளட்ச் இன்ஜினை முழுசா விடலன்னா அது உடனே கத்திடும்.

— கத்தலியே.

— கத்தலதான். அப்ப க்ளட்சும் நல்லா இருக்குது. எண்ணெய் எங்கயும் கசியல, பெடலும் கெட்டியா இருக்குது. ஏறிக்குங்க, ஒரு ரவுண்டு போலாம்.

— மெதுவா போ. அந்த முக்குல பால்காரன் குறுக்க வருவான்.

— ஃபர்ஸ்ட். இப்ப செகண்ட். கேட்டீங்களா?

— ஒரே ஒரு முனகல்.

— அதுக்குப் பேரு சிங்க்ரோ ரிங். சுத்திக்கினு இருக்கற ரெண்டு பல்லையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாந்து சேத்து வைக்கற பித்தளை வளையம். கொஞ்சம் தேஞ்சிருக்குது. வயசான வண்டிக்கு இது சகஜம். பொறுமையா போட்டா இன்னும் பல வருஷம் ஓடும். நீங்க சொன்ன கரகரா எங்க சார்?

— நீ போட்டா வரலியே. நான் போட்டா வருதே. அதான் எனக்கும் புரியல.

— அப்ப நீங்க போடுங்க. ஓரங்கட்டறேன், எடம் மாறிக்கலாம். செருப்பைக் கழட்டிட்டா ஓட்டுவீங்க?

— டேஷ்போர்டுல புள்ளையார் இருக்காருல்ல. வெறுங்கால்தான், வாங்குன நாள்லேர்ந்து. சரி, ஃபர்ஸ்ட் போட்டுட்டேன். இப்ப ரெண்டாவது.

— ஐயோ சார், போதும், நிறுத்துங்க. பல்லைப் பல்லால அரைக்கறீங்க.

— பார்த்தியா? இதைத்தான் சொன்னேன். உன் தம்பி கைவரிசை.

— நிறுத்திட்டீங்கல்ல. ரிவர்ஸ் போடுங்க.

— அதுவும் கத்துது.

— எனக்குக் கத்தல. உங்களுக்குக் கத்துது. அதே வண்டி, அதே க்ளட்ச். முழுசா மிதிக்கறீங்களா?

— நேத்து பொறந்த பொண்ணு என்கிட்ட க்ளட்ச் மிதிக்கிறியான்னு கேக்குது, சிவசிவ. தரையில அழுத்தி வச்சிருக்கேன்.

— கோவிச்சுக்காதீங்க. இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. முன்னால மிளகாயோட கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களே எலுமிச்சம்பழம், அதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?

— திருஷ்டிக்குக் கட்டுனது அது. உங்களுக்கெல்லாம் அதுல நம்பிக்கை உண்டா?

— எனக்கு ஃபிசிக்ஸ்ல நம்பிக்கை. பாருங்க, க்ளட்ச் பெடலுக்கு அடியில வச்சுட்டேன். முழுசா மிதிச்சா இது சட்னி ஆயிடும். மிதிங்க.

— மிதிச்சுட்டேன்.

— முழுசா?

— முழுசா. தரை வரைக்கும்.

— எடுங்க காலை. இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க.

— நசுங்கலியே.

— ஒரு கீறல் கூட இல்ல. இப்ப கொஞ்சம் நகருங்க, அதே பழத்தை வச்சு நான் மிதிக்கறேன். வாசனை வருதா?

— வருது.

— உங்க கால் பாதி தூரத்துலயே நின்னுடுது சார். க்ளட்ச் பாதி விட்டுக்கினு இருக்கும்போது கியரைத் தள்ளுறீங்க. அதான் கத்துது.

— உக்கார்ற விதத்துல ஏதோ தப்பு. இரு, சரியா உக்கார்றேன். இன்னொரு பழம் வை.

— வச்சுட்டேன். குனிஞ்சு பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. இப்ப மிதிங்க. அப்படியே வச்சிருங்க.

— வச்சிருக்கேன். இப்ப நசுங்கியிருக்கும். கீழ என்னம்மா பண்ணிக்கினு இருக்கே இவ்ளோ நேரம்?

— உங்க கட்டைவெரலை ஸ்பேனரால தட்டிக்கினு இருக்கேன்.

— என்னது?

— குனிஞ்சதுலேர்ந்து தட்டிக்கினு இருக்கேன் சார். உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்க.

— நெசமாவா.

— பழமும் அப்படியே இருக்குது. சுகர் இருக்குதா உங்களுக்கு?

— இருக்குது. மாத்திரை போடறேன். ஞாபகம் இருந்தா.

— எங்கப்பாவுக்கும் சுகர்தான். கால்ல ஆணி ஏறி, அதோட சைக்கிள் மிதிச்சுக்கினு வந்தாரு. வூட்ல ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் கத்துனாங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியல. க்ளட்ச்ல கத்துது, இன்னிக்குத் தெரிஞ்சுக்கினீங்க. நாளைக்கு பிரேக்ல இதே மாதிரி ஆச்சுன்னா அந்தப் பால்காரர் நெலமை இன்னா?

— போதும்மா. வீட்டாண்ட விடு. நீயே ஓட்டு.

— ஓட்டறேன். கியரைக் கெடுத்தது ஜோசுவா இல்ல. ஒத்துக்கறீங்களா?

— கியர் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா வண்டி வெளிய போயிருக்குது. கிலோமீட்டர் பொய் சொல்லாது. அவன் ஏன் வாயே தொறக்கல? அதுக்குப் பதில் சொல்லு, தென்னேரிக்கு வரேன்.

— தெரியல சார். என் தம்பி வண்டியைத் தொட்டிருக்க மாட்டான். வூடு வந்துடுச்சு. உங்க வூட்டம்மா கேட்டாண்ட நிக்கறாங்க.

— பிரவீனா, நீ எறங்கு. ஏங்க, எறங்குனது போதும், திரும்பி அதே எடத்துல உக்காருங்க.

— எதுக்கு வள்ளி?

— காலைத் தாங்கித் தாங்கி எறங்கறீங்களே, அதுக்குத்தான். டாக்டர் மத்தியானம் வரைக்கும் இருப்பாராம், கேட்டு வச்சுட்டேன். நான் ஓட்டறேன்.

— நீ ஓட்டறியா?

— மாசி மாசம் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது உங்க இடது செருப்பு தேரடியிலயே கழண்டுபோச்சு. அது தெரியாம ஒத்தைச் செருப்போட வீடு வரைக்கும் வந்தீங்க. பின்னாலயே அதைக் கையில எடுத்துக்கினு வந்தவ நான். சொன்னா, எனக்கென்ன கேடுன்னு கத்துவீங்க. அதான் சொல்லல. ஓட்டக் கத்துக்கினேன்.

— நான் காலையில கோயிலுக்குப் போற நேரத்துலயா?

— ஆமா. செவிலிமேடு வரைக்கும் போயிட்டு, நீங்க வர்றதுக்குள்ள திரும்பிடுவேன். சீட்டை நகர்த்தி வைக்கத்தான் ஒரு தடவை மறந்துட்டேன்.

— அம்மா, அப்ப பெடல்ல இருக்கற மஞ்சள் உங்க கால்ல பூசுனதா? யாரும்மா உங்களுக்குக் கத்துக்குடுத்தது?

— உன் தம்பிதான் பிரவீனா. இவரு கால் விஷயம் ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். கடையில வச்சு இவரு திருட்டுப்பயன்னு கத்துனப்ப நானும் மாடிப்படியிலதான் நின்னுக்கினு இருந்தேன். அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கினான். நானும் எறங்கி வரல. உன் பைக்கை எடு, முன்னால போய் வழி காட்டு. டாக்டர் அப்புறம். மொதல்ல தென்னேரி.