எர்மெக்கின் வயிறு

உள்ள வா வெனேரா, வாசல்ல நின்னு அழாத. அடுத்த வீட்டுக்காரி ஜன்னலத் தொறந்துட்டா. உக்காரு, டீ ஊத்தறேன். பாலேடு போட்டுக்குவியா? வேணாமா? சரி.

அக்கான்னு மட்டும் கூப்பிடாத. எம்புருசனக் கூட்டிட்டுப் போனவ வாயில அந்தச் சொல்லு நிக்க மாட்டேங்குது.

தெரியும், எர்மெக் மறுபடி படுத்துட்டாரு. பல்வலிக்குத் தின்ன மாத்திரைதானே? போன தடவ நெஞ்சுச் சளி மாத்திரை. பேதியில ஆளு கந்தத்துணியாட்டம் கெடந்தாரு. கரகோல்ல இருந்து பிஷ்கெக் ஆஸ்பத்திரி வரைக்கும் கார்ல மடியில போட்டுத்தான் கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா அப்பவே சொல்லுச்சு. வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்காம். ஒரு கிருமி தின்னு விட்ட மிச்சம் இன்னொண்ணுக்குச் சோறாம். அது விடுற புளிப்புல கெட்டது தலையெடுக்காதாம். கிருமியக் கொல்ற மாத்திரை ஊரையே அழிச்சிருச்சு, கெட்டது ஒண்ணு மட்டும் தப்பிச்சுப் பெருகிருச்சு. நல்லதுல ஒண்ணு ரெண்ட மட்டும் அனுப்பினா நிக்காதாம், மொத்தக் கூட்டமும் போகணுமாம்.

யாரு கூட்டம்? என்னோடதுதான். மூக்கச் சுளிக்காத. என் வயித்துல இருந்து போனதக் கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா அவரு குடலுக்குள்ள விட்டாங்க. வாரம் திரும்பறதுக்குள்ள எந்திரிச்சு ஆட்டுக்கறி கேட்டாரு.

கேட்ட அதே வாய்தான் அண்ணன் மகன் கல்யாணத்துல, அத்தன பேரு முன்னாடி, எம்பொண்டாட்டி கழிச்சதுலதான் நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். நீலத் தலைத்துணி கட்டிட்டு நீதான் ரொம்ப நேரம் சிரிச்சே. அன்னைக்குத்தான் அவரு உன்னப் பாத்தாரு.

இல்ல, கோவத்துல சொல்லல. முந்தாநாளே டாக்டரம்மா போன் பண்ணுச்சு, நானும் போனேன். ஏன் போனேன்னு கேக்காத. இத்தன வருசம் ஒரே சட்டியில தின்னிருக்கோம்.

டப்பாவக் குடுத்தாங்க. கக்கூஸ் கதவு வரைக்கும் போயிட்டு, சும்மாதான் கேட்டேன், வேற யாரு குடுத்தாலும் ஆகாதாம்மான்னு. டாக்டரம்மாவுக்குப் பாவம், மறைக்கத் தெரியல. சோதிச்சுப் பாத்து நல்லாருந்தா யாருதுன்னாலும் ஆகுமாம். வீட்ல இருக்கற பொண்ணையே கேக்கறேன்னு அவருகிட்டச் சொல்லிருக்கு. அதுக்கு அவன், அவகிட்டக் கேக்காதீங்க, அவளுக்கு அசிங்கமாருக்கும், அதுக்குத்தான் பழையவ இருக்காளேன்னானாம்.

உங்கிட்டச் சொல்லலையா? என்னோடதுதான் சேரும்னு சொல்லியா அனுப்பினான்?

டீ ஆறுது பாரு, குடி. டப்பாவ நர்ஸ் மேசையிலயே வச்சுட்டு வந்துட்டேன். காலிதான். மேல உம்பேர எழுதி ஒட்டச் சொல்லிருக்கேன்.