செல்லத்தின் கடிதம், என் ஆங்கிலத்தில்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தும் எனக்குத் தேநீர் பிடிக்காது. உங்களுக்கு மட்டும் போட்டிருக்கிறேன், மிஸ் வசுமதி. இந்தக் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும், குடியுங்கள். மறைமாவட்டம் சிறார் பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலகம் திறந்து, வெளியிலிருந்து உங்களைப் போல ஒரு வக்கீலையும் அதில் வைத்திருப்பது நல்ல காரியம். இத்தனை வருஷத்தில் மலையேறி வந்து என்னிடம் கேள்வி கேட்கும் முதல் ஆள் நீங்கள். கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

மேசைமேல் நீங்கள் வைத்த இரண்டு தாள்களும் எனக்குத் தெரிந்தவைதான். ஒன்று, செல்லம் 2012இல் பள்ளிக்கூட நோட்டில் எழுதிய தமிழ்க் கடிதம். மற்றது, அதை நான் ஆங்கிலத்தில் டைப் செய்து ஆயர் இல்லத்துக்கு, பிஷப்பின் பார்வைக்கு, அனுப்பியது. இரண்டும் ஒன்றல்ல என்கிறீர்கள். ஒன்றல்லதான்.

ஃபாதர் ரெமிஜியஸ் இந்த மலைக்கு வந்தது 2010இல். அதற்கு நான்கு வருஷம் முன்பே என் மனைவி தவறிவிட்டாள். மகன் பெர்த்தில். கிராணியின் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. துரை பங்களாவில் அவனுக்கு நாற்காலி கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் நாலு மணிக்கே இங்கே நாள் முடிந்துவிடும். அதற்கப்புறம் ரேடியோதான்.

ஃபாதர் வந்த முதல் வாரமே பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கையா, தனியா சாப்பிட எனக்குப் பிடிக்காது. ஒங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் வந்தார். நெத்திலிச் சம்பல் என்றால் இன்னொரு முறை சோறு கேட்பார். சாப்பிட்டுவிட்டு கேரம் ஆடுவோம். வேண்டுமென்றே தோற்பார். அதைத் தெரியாதது போல நானும் இருப்பேன்.

கோயிலை ஒட்டிய கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் ஆரம்பித்தார். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். செல்லம் கொழுந்து எடுப்பவள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம். அவள் மகள் யுவனேஸ்வரி கணக்கில் கெட்டிக்காரி. பிள்ளையை அனுப்பு என்று லயத்துக்குப் போய்ச் சொன்னதே நான்தான். நல்லது நினைத்துத்தான் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை, கொழுந்து நிறுத்து முடிந்ததும், செல்லம் ஆபீசுக்கு வந்தாள். பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, இடுப்பிலிருந்து அந்த நோட்டுத் தாளை எடுத்தாள்.

"கிராணி ஐயா, பிஷப்புக்குத் தமிழ் தெரியாதாம்லா. இத இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

"போலீஸ்ல சொல்லலியா?" என்று கேட்டேன். நீங்கள் வக்கீல், அது எவ்வளவு முக்கியமான கேள்வி என்று உங்களுக்குப் புரியும்.

"மொதல்ல அவங்க பெரியவருகிட்ட சொல்லிப் பாப்போம். புள்ள பேரு வெளிய வந்துடக் கூடாது ஐயா."

படித்தேன். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் மிகையாக ஒரு வார்த்தை இல்லை. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஃபாதர் கதவைச் சாத்தினார் என்று எழுதியிருந்தாள். பிறகு நடந்ததை மகள் சொன்னபடியே, நேராக எழுதியிருந்தாள். பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று முடித்திருந்தாள்.

நான் டைப் செய்தது ஐந்து வரி. வகுப்பில் ஃபாதர் காட்டும் கண்டிப்பால் பிள்ளை மனம் வருந்துகிறாள், கொஞ்சம் கனிவு காட்டினால் குடும்பத்தார் நன்றியுடன் இருப்பார்கள் என்று எழுதினேன். நல்ல ஆங்கிலம். நீங்களே பார்த்தீர்கள். படித்துக் காட்டச் சொன்னாள். ஆங்கில வரிகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே, அவள் எழுதிய தமிழ் வாக்கியங்களை ஞாபகத்திலிருந்து சொன்னேன்.

"அந்தக் கதவு வெவரம் இருக்கா ஐயா?"

"இருக்கு."

"அவ அழுதது?"

"அதுவும் இருக்கும்மா."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ கொஞ்சமா இருக்கே."

"இங்கிலீஷ் அப்படித்தான். கொஞ்சத்துல முடிஞ்சிடும்."

கையெழுத்துப் போட்டாள். நோட்டுத் தாளை மட்டும் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அதை நான் தடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

ஆயர் இல்லத்திலிருந்து இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும்படி ஃபாதருக்குச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தார்கள். யாரும் மலையேறி வரவில்லை, அந்தத் தாயைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வரியை நம்புவது யாருக்குமே சுலபம். செல்லத்திடம், பிஷப் விசாரிக்கிறார், பொறுத்திருக்கச் சொல்கிறார் என்றேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பாள் போல.

பிறகு லயத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றியே தப்பாகப் பேச்சு கிளம்பியது. யாரோ கிளப்பினார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் எழுதியிருப்பார்கள். திருத்திக்கொள்ளுங்கள். நான் ஒருவரிடம் சொன்னேன், மீதியை லயம் பார்த்துக்கொண்டது. அந்த மாதமே செல்லம் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கோலா தெர்லாவில் காய்கறித் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

கடிதத்தில் இருந்ததை நம்பினீர்களா என்று கேட்கிறீர்கள். நம்புவதற்கு எதுவுமில்லை, மிஸ். எனக்கு முன்பே தெரியும்.

செல்லம் கடிதம் கொண்டுவருவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு நாள் நல்ல மழை. ஃபாதரிடம் குடை இல்லையே என்று எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிள்ளையின் குரல் கேட்டது. என்ன கேட்டது என்பதை, தேவையானால், தனியாக எழுதித் தருகிறேன். தட்டியிருக்கலாம். கையைக்கூட உயர்த்தினேன். தட்டினால் அவர் அன்று சாப்பிட வர மாட்டார், அப்புறம் எப்போதுமே வர மாட்டார் என்று பட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். கதவு திறந்ததும் யுவனேஸ்வரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். மழையில் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்வாள் என்று நினைத்தேன். நான் குடையை விரித்தேன். ஃபாதரும் நானும் ஒரே குடையில் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கும் கேரம் ஆடினோம்.

அவளுக்குப் பிறகு இன்னும் நான்கு பிள்ளைகள். உங்களிடம் இரண்டு பெயர்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன், அவர்கள் குடும்பம் இப்போது எங்கே என்பதோடு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வகுப்புக்கு யார் யார் என்று பட்டியல் போட்டது நான். செல்லத்தின் கடிதத்துக்குப் பிறகு, தாய்க்கும் தகப்பனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளாகப் பார்த்துத்தான் சேர்த்தேன். இன்னொரு தாய் அவளைப் போல இரண்டு பக்கம் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம் என்று நினைத்தேன். ஃபாதர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

2015இல் வழக்கமான மாற்றல் என்று அவரை வேறு ஊர்க் கோயிலுக்கு, வேறு பங்குக்கு அனுப்பினார்கள். தானா ராத்தாவில் பஸ் ஏற்றிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றார். எழுதவில்லை. அந்தப் பங்கில் யாராவது அவருக்குச் சோறு போட்டிருப்பார்கள். அவர் இப்போது பூசை வைக்கக் கூடாது, வழக்கு போலீசுக்குப் போய்விட்டது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. நான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

யுவனேஸ்வரி என்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றீர்கள். தாராளமாக வரட்டும். இப்போது அவளுக்கு இருபத்தைந்து இருக்குமா? சனிக்கிழமை மத்தியானமாக வரச் சொல்லுங்கள். சமைத்து வைக்கிறேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள், மிஸ். இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டு வெகு நாளாயிற்று.