தடுப்புக் கம்பத்தின் சாவி

நீங்கள் வண்டியைத் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தது எனக்குப் பிடித்திருந்தது, கேப்டன். போலீஸ்காரர்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. போன மாதம் வந்தவர் தடுப்பருகே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் போய் என்னவென்று கேட்டேன்.

உட்காருங்கள். பாஸ்தியானைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருப்பீர்கள். இறந்துபோன மர்சியாலின் தங்கை அவன்மேல் புகார் கொடுத்திருப்பது ஊருக்கே தெரியும். தீயணைப்பு வண்டியில் இருக்க வேண்டிய கம்பி வெட்டும் கத்தரியை, திராட்சைப் பந்தல் கம்பி வெட்ட எடுத்துப்போய் அவன் தன் தோட்டத்துக் கொட்டகையிலேயே விட்டுவிட்டான். உண்மைதான். அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் எல்லாரும் அப்படித்தான். பாதி உடம்பு திராட்சைத் தோட்டத்தில், பாதி உடம்பு தீயணைப்பு உடுப்பில். ஆனால் கத்தரி இல்லாததால் மர்சியால் சாகவில்லை. அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மா அழுகிறாள்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கால்வாயில் மதகுக் கதவு திறந்து படகுகளை ஏற்றி இறக்கியது என் அப்பா. அவருக்குப் பிறகு நான். இப்போது கதவுகள் பொத்தானை அழுத்தினால் தாமாகவே திறக்கின்றன. எனக்கு வீடு மட்டும் மிஞ்சியது. கரையோரச் சரளைப் பாதையில் அன்றெல்லாம் எது வேண்டுமானாலும் ஓடும். அறுவடை வந்தால் திராட்சை ஏற்றிய இழுவை வண்டிகள் சாலை வழியாகச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு இந்த வழியாகத்தான் கூட்டுறவு ஆலைக்குப் பறக்கும். அதனால் சைக்கிள்காரர்கள் தோட்டங்களுக்கு நடுவே போகும் தார்ச்சாலைக்குப் போனார்கள். என் மகள் சோலேனும் அப்படித்தான் போனாள். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் நேரம். மர்சியாலின் வண்டி அவள்மேல் ஏறியது. அங்கேயே போய்விட்டாள்.

அவர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. கண் கூசிவிட்டது என்றார், நீதிபதியும் நம்பினார். நானும் நம்பினேன். குடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒருவனைத் திட்டுவதற்கு ஏதாவது ஒரு பிடி வேண்டுமில்லையா, அதுகூட அவரிடம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். குளிர்காலம் கழிந்து ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஹூகெட், கால்வாய்ப் பாதைல வண்டியே வரக்கூடாதுன்னு பண்ணணும். நானே வீடுவீடாப் போய் கையெழுத்து வாங்குறேன். நீ கூட வர வேண்டாம். உன் பேரை மட்டும் குடு."

பேரைக் கொடுத்தேன். காப்பியும் கொடுத்தேன். அதற்கப்புறம் தினமும் காலையில் வருவார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, கரையோரமாக அடுத்த மதகுவரை போய்த் திரும்புவார். என்ன மனசு பாரு இவளுக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன்: தினமும் காலையில் சரளையில் அந்தச் சக்கரச் சத்தம் கேட்கும்போது, இவன் இன்றைக்கும் உயிரோடு எழுந்து வந்துவிட்டான் என்று எனக்கு வயிறு எரியும். காப்பி கலக்கும்போது அது கொஞ்சம் அடங்கும். அடுத்த நாள் மறுபடி எரியும்.

பாதை எங்களுக்குக் கிடைத்தது. ஊராட்சி தடுப்புக் கம்பம் நட்டது. ஆனால் அதற்குப் போட்டது தீயணைப்புக்காரர்களின் முக்கோணச் சாவியால் திறக்கிற பூட்டு. எங்கள் ஊரில் உப்பு இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், அந்த முக்கோணச் சாவி இல்லாத வீடு இருக்காது. முதல் அறுவடையிலேயே எல்லாரும் திறந்துகொண்டு போனார்கள். மர்சியால் அவர்களோடு சண்டை போட்டுப் பார்த்தார். "யோவ், நீ வண்டியை விட்டுட்டேங்குறதுக்காக நாங்க ஏன்யா ஊரைச் சுத்திப் போகணும்?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் கார்காசோன் நகரத்துக்குப் போய்த் தன் காசில் ஒரு கனமான பூட்டு வாங்கி வந்து, ஊராட்சியில் அனுமதியும் வாங்கி மாட்டினார். அதற்கு இரண்டு சாவி. இரண்டையும் என் மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு நீங்க வச்சுக்குங்க," என்றேன்.

"வேண்டாம் ஹூகெட். எவனாவது வந்து, ஒரே ஒரு தடவைப்பா, மழை வரப்போகுதுன்னு கெஞ்சுவான். நான் இளகிடுவேன். நீ இளக மாட்டே."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவசரத்துக்குச் சாவி மதகு வீட்டில் என்று தீயணைப்பு நிலையத்திலும் சொல்லிவைத்தார். ஒரு சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இன்னொன்று வெயிற்காலத்தில் மதகின் ஆழத்தில் விழுந்துவிட்டது. வேண்டுமென்று போடவில்லை, அது நிஜமாகவே விழுந்தது.

அன்றைக்கு அறுவடை நடுவாரம். காற்று பலமாக வீசியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஹாலந்துக்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். நிறம் நிறமான இறுக்கச் சட்டை, முகமெல்லாம் தூசி. அரைகுறையாக எங்கள் பாஷை பேசினார்.

"ஆள்... வயசானவர். பெரிய மீசை. நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். என் மனைவி பக்கத்துல இருக்கா. சீக்கிரம்."

உடனே தீயணைப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்த மரக்கட்டை அருகே என்றெல்லாம் அவரிடம் கேட்டு நான்தான் தெளிவாகச் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வேலையும் பார்க்கும் அந்தத் தீயணைப்பு வண்டி வந்தது. பாஸ்தியான் குதித்து இறங்கினான். கையில் திராட்சைக் கறை அப்படியே இருந்தது.

"மதாம் ஹூகெட், சாவி!"

"இதோ தரேன்," என்று உள்ளே போனேன்.

இதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். சாவி என் கழுத்தில் இருந்தது. ரவிக்கைக்குள்ளே தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். காப்பி டப்பாவைத் திறந்தேன். அடுப்பு மேடையில் துணியைத் தூக்கிப் பார்த்தேன். இல்லாத இடத்தில் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். நம்புவீர்களோ மாட்டீர்களோ, கை வரவில்லை. யாரோ ஒருத்தியின் கையைப்போல அது டப்பாக்களைத் திறந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கிடைச்சுதா மதாம்?"

"இங்கதான் எங்கயோ வச்சேன். ஒரு நிமிஷம் இரு."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஓடியிருப்பார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இதோ, இதோ என்றேன். நான் தருவேன் என்று நம்பி நின்றார்கள். மதகு வீட்டு ஹூகெட் பொய் சொல்லுவாள் என்று எவனுக்குத் தோன்றும்? பாஸ்தியான் பூட்டை வெட்டக் கத்தரியைத் தேடி வண்டியைக் கவிழ்க்காத குறை. பிறகு தலையில் அடித்துக்கொண்டு அந்தத் தடுப்பை உதைத்தான். கம்பம் நல்ல கம்பம். மர்சியால் நின்று பார்த்து நடவைத்தது, அசையவே இல்லை.

கடைசியில் அவன் ஹாலந்துக்காரரின் சைக்கிளைப் பிடுங்கி, பையை முதுகில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். நானும் என் சைக்கிளை எடுத்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் நிற்க முடியவில்லை.

மர்சியால், எப்போதோ யாரோ வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் சாய்ந்திருந்தார். ஹாலந்துக்காரி அவர் தலைக்குப் பின்னால் தன் சட்டையை மடித்து வைத்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது, ஆனால் நினைவு இருந்தது. பாஸ்தியான் மண்டியிட்டுப் பையைத் திறந்து நெஞ்சில் வைக்கும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகு எங்கள் பக்கம். நான் குனிந்தேன். சைக்கிள் மிதித்த வேகத்தில் கயிறு ரவிக்கையிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தது. சாவி அவர் முகத்துக்கு நேரே தொங்கி ஆடியது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், பாஸ்தியான் திரும்பிப் பார்ப்பான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவிழ்த்து எறியவும் தோன்றவில்லை.

"என்ன பண்ணுது ஐயா? எங்க வலிக்குது?" என்றான் பாஸ்தியான்.

"ஒண்ணுமில்ல," என்றார் மர்சியால்.

கையைத் தூக்கினார். அது என் கழுத்துவரை வருவதற்குள் ரொம்பச் சிரமப்பட்டது. அந்தச் சாவியைப் பிடித்து, என் ரவிக்கைக்குள்ளே தள்ளி, துணியை இழுத்து மூடினார். கை அங்கேயே நின்றது. ஹாலந்துக்காரி அழுதாள். அவர் என்னைப் பிடித்துக்கொண்டே உயிரை விட்டார் என்று அவள்தான் ஊரில் சொன்னாள். பாஸ்தியான் என்னென்னவோ செய்து பார்த்தான். அவனால் ஆன எல்லாம் செய்தான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அடுத்த ஊர்த் தடுப்பைத் திறந்து இன்னொரு வண்டி அந்தப் பக்கமாக வந்தபோது அவர் உடம்பு சில்லிடத் தொடங்கிவிட்டது.

இந்தாருங்கள், சாவி. அன்றையிலிருந்து கழற்றவில்லை, கயிறு கொஞ்சம் அழுக்காக இருக்கும். பையனை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதும்போது கொலை என்று எழுதாதீர்கள், கேப்டன். அவரே தன் கையால் சாவியை உள்ளே தள்ளி மூடினார். திறக்க வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நான் அவர் சொன்னபடிதான் நடந்தேன். அவர் சொன்னதுதான் கொஞ்சம் பிந்திவிட்டது.